இரண்டாம் ஷிப்டின் லீவுக் கணக்கு

கோடையில் நீலகிரிக்குப் போகிறவர்கள் குளிருக்காகப் போவார்கள். நான் போனது, ஒரு மெஷின் ஒரு நாளைக்கு எத்தனை நேரம் சும்மா நிற்கிறது என்று பார்க்க.

கூட்டிக்கொண்டு போனவர் வேணுகோபால் சார். எங்கள் திருப்பூரில் கம்பெனிகளை அளப்பதுதான் அவர் தொழில். மில், பட்டறை, பனியன் கம்பெனி, எங்கே கூப்பிட்டாலும் போவார். மணிக்கு எவ்வளவு உற்பத்தி, எத்தனை ஆள், எவ்வளவு கழிவு, மெஷின் எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு நேரம் நின்றது, எதனால் நின்றது என்று எல்லாவற்றையும் அளப்பார். முடிவில் ஒவ்வொரு ஷிப்டுக்கும் மார்க் போட்டு, கேட்டுக்குப் பக்கத்தில் பெரிய பலகையில் ஒட்டிவிட்டு வருவார். முன்னால் நிற்கும் ஷிப்ட் பச்சை, பின்தங்கினது சிவப்பு. அளந்தால்தான் வளரும் என்பது அவர் மந்திரம். என் அக்கா பையனை மாசாமாசம் சுவரில் கோடு போட்டு அளக்கிறோம். கோடுதான் தடிக்கிறது.

நான் சாரின் உதவியாள். ஸ்டாப்வாட்ச் பிடிப்பது, ரிஜிஸ்டரைப் பார்த்து லேப்டாப்பில் ஏற்றுவது, கொண்டை ஊசி வளைவில் சாருக்கு எலுமிச்சம்பழம் நீட்டுவது, மூன்றும் என் பொறுப்பு. பத்தாவது இங்கிலீஷில் கவர்ன்மென்ட் என்னை இரண்டு தடவை அளந்து பார்த்து இரண்டு தடவையும் சிவப்புதான் போட்டது. அதனால் அளக்கப்படுகிறவன் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு. ஸ்டாப்வாட்ச் என் கையில் இருக்கும்போது மட்டும் அது ஞாபகம் வராது.

திங்கட்கிழமை சாயங்காலம் கட்டபெட்டு தாண்டி அந்தத் தேயிலை ஃபேக்டரிக்குப் போய்ச் சேர்ந்தோம். சேர்வதற்கு முன்னால் சாரின் காரில் கிளட்ச் போய்விட்டது. வழியில் வந்த ஒரு ஜீப்காரர் கயிறு கட்டி இழுத்து வந்தார். கம்பெனிகளின் பெர்ஃபார்மன்ஸை உயர்த்த வந்த வண்டி, கயிற்றில் கட்டிய மாடு மாதிரி கேட்டுக்குள் நுழைந்தது. வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். காருக்கா, கயிற்றுக்கா என்று தெரியவில்லை.

குளிர் என்று சொன்னார்கள். இவ்வளவு என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் ராப்பகலாக பனியன் தைக்கிறோம். இங்கே பனியனை யாருமே கண்ணால் பார்த்ததில்லை. அதன் மேல் சட்டை, சட்டை மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டர் மேல் ஜெர்கின், தலையில் குல்லா. நாங்கள் உயிரைக் கொடுத்துத் தைப்பது நாலு அடுக்குக்குக் கீழே கிடக்கிறது. மெஸ்ஸில் ராச்சாப்பாட்டுக்கு கேரட் பொரியல், கேரட் போட்ட சாம்பார். மறுநாள் காலை உப்புமாவிலும் கேரட். கேத்திப் பக்கம் விளைச்சல் அதிகம் என்று மெஸ்காரர் பெருமையாகச் சொன்னார். அது எங்கே போகிறது என்பதற்கு நானே சாட்சி.

செவ்வாய்க்கிழமை வேலை ஆரம்பித்தது. தேயிலை ஃபேக்டரி என்றால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பச்சை இலை வரும். ஏழு மணி நேரமாவது காற்றில் வாட விடுவார்கள். வாடினதைக் கட்டிங் மெஷினில் போட்டு நசுக்கி, கொஞ்சம் புளிக்க விட்டு, வறுத்து, சலித்தால் தூள். சார் விறகடுப்புப் பக்கம் போய்விட்டார். ஒரு கிலோ தூளுக்கு எவ்வளவு விறகு எரிகிறது என்பது அவர் ஆராய்ச்சி. என்னைக் கட்டிங் மெஷின் பக்கம் நிறுத்தினார்.

எங்கள் ஊரில் ஸ்டாப்வாட்சோடு போய் நின்றால் டெய்லர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். தைக்கிற வேகம் மட்டும் தானாகக் குறையும். வேகமாகத் தைத்தால் நாளைக்கு அதுவே டார்கெட் ஆகிவிடும் என்று தெரியும். இங்கே வேறு மாதிரி. மெஷினில் இலை போடுகிற அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையை நிறுத்திவிட்டு, "ஏனுங், சாப்ட்டீங்ளா?" என்பார். நான் சாப்பிட்டேன் என்பேன். என்ன சாப்பிட்டேன் என்பார். கேரட் என்பேன். சிரிப்பார். முக்கால் நிமிஷம் போய்விடும். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? மரியாதை என்று ஒரு காரணம் சாரின் லிஸ்டில் இல்லை. மத்தியானத்துக்குள் எனக்கு வாட்ச் தம்பி என்று பெயர் வைத்துவிட்டார்கள். டீ குடிக்கப் போன கடையில் இரண்டு அம்மாக்கள் என்னைப் பார்த்து படுகு மொழியில் ஏதோ பேசிக்கொண்டார்கள். கடைக்காரரிடம் கேட்டேன். "மூணு நாள் நின்னா மெஷின் பயந்து ஓடும்னு நெனச்சுட்டு வந்துருக்கு, பாவம்" என்பதுதான் அதற்கு அர்த்தமாம்.

மத்தியானம் இரண்டு மணிக்கு இரண்டாம் ஷிப்ட். அதற்கு இன்சார்ஜ் ஜெசிந்தா அக்கா. நாற்பது வயசு இருக்கும். ஸ்வெட்டர் மேல் ஓவர்கோட், காதில் பேனா. அவரைப் பற்றி எனக்குச் சொன்னது மெஸ்காரர்தான். பதினோரு வருஷம் சலிக்கிற ரூமில் இருந்தவராம். பெண்ணுக்கு ஷிப்ட் கொடுப்பதா என்று பலபேர் முனகினதால், ஆறு மாதம் பார்க்கலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். இது ஆறாவது மாதம். சாரின் ரிப்போர்ட் நன்றாக வந்தால் இன்சார்ஜ் நிரந்தரம். இல்லாவிட்டால் திரும்ப சலிக்கிற ரூம். காலை ஷிப்ட் தேவராஜ் அண்ணனிடம். அவருக்கு அந்தக் கவலை இல்லை. எட்டு வருஷமாக அவர்தான்.

ஜெசிந்தா அக்காவின் அப்பா அம்மா சிலோனிலிருந்து வந்தவர்கள். அதனால் மற்றவர்கள் இலை என்பதை அவர் கொழுந்து என்பார். கொழுந்து வாடிருச்சா, கொழுந்து எறங்கிருச்சா என்று நாள் முழுக்க கொழுந்துதான். வீட்டுக்காரரின் தம்பி, கொழுந்தன் யாரையோ தேடுகிறார் என்று முதல் நாள் நினைத்தேன். அதைச் சொன்னேன். "என்ற கொழுந்தன் கோத்தகிரியில மெக்கானிக்குங்க. அவனத் தேடுனா வரமாட்டான். இதாவது லாரியில வரும்" என்றார். அதன் பிறகு எனக்கும் அவருக்கும் நன்றாகப் போனது.

புதன்கிழமை முழுக்க எனக்கு லேப்டாப் வேலை. ஆறு மாத ரிஜிஸ்டரைப் பார்த்து, மெஷின் எப்போதெல்லாம் நின்றது, ஏன் நின்றது என்று ஏற்ற வேண்டும். காலை ஷிப்டில் தேவராஜ் அண்ணன் தமிழில் எழுதியிருந்தார்: பெல்ட் அறுந்தது, கரண்ட் இல்லை. சுலபமாக முடிந்தது. இரண்டாம் ஷிப்டில் ஜெசிந்தா அக்கா எல்லாம் இங்கிலீஷ், அதுவும் கொட்டை எழுத்தில். முதலாளி இங்கிலீஷில் எழுதினால்தான் படிப்பாராம். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஒரே வார்த்தை. லீவ்ஸ் லேட், ரெண்டு மணி நேரம். லீவ்ஸ் லேட், ஒண்ணரை மணி நேரம். நடுநடுவே லீவ்ஸ் நில், மூணு மணி நேரம்.

எங்கள் பனியன் கம்பெனி ரிஜிஸ்டரில் இது தினமும் வருகிற சங்கதி. டெய்லர் லீவு, ஹெல்பர் லேட், மெஷின் காலி. லீவுக்கு ஒரு எஸ் போட்டால் நிறைய லீவு. எனக்கா தெரியாது? லீவ்ஸ் லேட் என்ற இடத்திலெல்லாம் "ஆள் வரவில்லை, தாமதம்" என்று ஏற்றினேன். லீவ்ஸ் நில்தான் கொஞ்சம் இடித்தது. யாருமே லீவு இல்லை, எல்லாரும் வந்திருக்கிறார்கள், ஆனாலும் மெஷின் மூன்று மணி நேரம் நிற்கிறது. அப்படியென்றால்? "ஆள் இருந்தும் வேலை நடக்கவில்லை" என்று ஏற்றினேன். ஏற்றும்போது மனசுக்குள், ஜெசிந்தா அக்கா, பேச்சில்தான் கெட்டிக்காரியா என்று கேட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் சார் பார்த்தார். கண் மின்னியது. இரண்டாம் ஷிப்டில் ஆள் வராவிட்டாலும் மெஷின் நிற்கிறது, வந்தாலும் நிற்கிறது. இதற்குப் பெயர் ஒழுக்கப் பிரச்சினை, இன்சார்ஜை மாற்றினால் தீர்ந்தது என்று அங்கேயே முதலாளிக்குப் போன் போட்டுச் சொன்னார். ரிஜிஸ்டரை அவர் திறக்கவில்லை. என்னை நம்பினார். ஒருத்தர் நம்மை நம்புவது எவ்வளவு ஆபத்து என்று அப்போது எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மீட்டிங் என்று முடிவானது.

ராத்திரி மெஸ்ஸில் ஜெசிந்தா அக்கா என் தட்டில் ஒரு வர்க்கி பிஸ்கட் வைத்தார். ரிப்போர்ட்டில் எங்க ஷிப்ட் எப்படிங்க என்று மெதுவாகக் கேட்டார். எனக்குத் தெரியாதுங்க, சார்தான் போடுவார் என்று சொல்லிவிட்டு, வர்க்கியை டீயில் முக்கிச் சாப்பிட்டேன். அது நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது வைக்க வந்தபோது தட்டை நகர்த்திக்கொண்டேன்.

வியாழக்கிழமை விடிகாலையில் ஓடிப்போனேன். ஓடிப்போனது என்றால் ஊட்டி பார்க்க. மூன்று நாளாக மலையில் இருந்துகொண்டு ஊட்டி பார்க்காமல் திரும்பினால் தெருவில் தலைகாட்ட முடியாது. ஃபேக்டரியின் இலை லாரி தினமும் இருட்டோடு கிளம்பி, ஊட்டி தாண்டி இத்தலாருக்குப் போய், முந்தின நாள் சாயங்காலம் பறித்து ஷெட்டில் வைத்திருக்கும் இலையை ஏற்றிக்கொண்டு வரும். ஓட்டுகிறவர் மாதன் அண்ணன். அதில் ஏறிக்கொண்டேன். சாரிடம் ஃபீல்டு ஸ்டடி என்று மெசேஜ் போட்டேன்.

ஊட்டியைப் பார்த்தேன். ஷட்டர் போட்ட கடைகள், ஒரு ரவுண்டானா, குல்லா போட்ட ஒரு நாய். லாரி நிற்கவே இல்லை. இத்தலாரில் ஒரு அக்கா ஃபிளாஸ்கிலிருந்து டீ கொடுத்தார். இலைச் சாக்குகளை ஏற்றிக் கிளம்பும்போது வெளிச்சம் வந்துவிட்டது. எல்லாம் நன்றாகப் போனது, காட்டெருமை வரும் வரைக்கும்.

திரும்புகிற வழியில் ஒரு வளைவில் அது ரோட்டின் குறுக்கே நின்றது. ஒரு டெம்போ அளவு இருக்கும். மாதன் அண்ணன் இன்ஜினை அணைத்தார். ஹாரன் அடிக்கலாமே என்றேன். என்னை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். பின்னால் கார், வேன், பஸ் என்று வரிசை சேர்ந்தது. சுற்றுலா வந்த ஒருவர் இறங்கி வீடியோ எடுக்கப்போய், அது தலையைத் திருப்பினதும் வேறு யாருடைய காரிலோ ஏறிக்கொண்டார். அதற்கு டார்கெட் கிடையாது, ஷிப்ட் கிடையாது. நின்ற இடத்திலேயே மென்றது. அது போனதும், அவசரப்பட்டு முந்த வந்த வேன் ஒன்று எதிரே வந்த பஸ்ஸோடு மாட்டிக்கொண்டு, இரண்டும் நகர முடியாமல் இன்னும் கொஞ்ச நேரம். மொத்தம் இரண்டு மணி நேரம் பத்து நிமிஷம். பழக்க தோஷத்தில் ஸ்டாப்வாட்சை அமுக்கியிருந்தேன்.

தினமும் இப்படியா என்று கேட்டேன். வாரத்தில் நாலு நாள் ஏதாவது ஒன்று என்றார் மாதன் அண்ணன். முன்னே இரண்டு லாரி இருந்ததாம். ஃபேக்டரிக்குப் பக்கத்து ஊர் இலைக்கு ஒன்று, இந்தப் பக்கத்துக்கு ஒன்று. அப்போது இத்தலார் இலை முந்தின ராத்திரியே வந்து சேர்ந்துவிடுமாம். இப்போது அந்த இன்னொரு லாரி எங்கே என்றேன்.

"கேத்தி கேரட் ஏத்திட்டு மேட்டுப்பாளையம் மார்க்கெட் போகுதுங்க. மொதலாளி அனுப்பிட்டாரு. வாடக நல்லா வருதாமா."

இரண்டு மணிக்கு ஷிப்ட் ஆரம்பித்தது. காலை ஷிப்ட் பக்கத்து ஊர் இலையை வெட்டி முடித்துவிட்டுப் போயிருந்தது. நாங்கள் கொண்டுவந்த இலை இன்னும் வாடவில்லை. பதினாலு பேரும் வந்து ஓவர்கோட் போட்டு நின்றார்கள். மெஷினும் நின்றது. ஜெசிந்தா அக்கா காதிலிருந்து பேனாவை எடுத்து ரிஜிஸ்டரில் எழுதினார். நான் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். லீவ்ஸ் லேட்.

யார் லீவு என்று கேட்டேன்.

"யாருங்க லீவு? எல்லாரும்தான் நிக்கிறாங்களே."

"எழுதியிருக்கீங்களே, லீவ்ஸ்னு."

அவர் ரிஜிஸ்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "லீவ்ஸ்னா கொழுந்துங்க. ஒண்ணுன்னா லீஃபு, நெறைய இருந்தா லீவ்ஸ்."

"அப்ப லீவு?"

"அது லீவு."

"லீவ்ஸ் நில்னா?"

"கொழுந்தே வரலீன்னு அர்த்தம். லாரி வராத நாளு. காலையில மிஞ்சுனத வெட்டிட்டா அப்பறம் மெஷின் நிக்கும்." பேனாவை மூடினார். "ஏன் தம்பி, நீங்க என்னன்னு போட்டீங்க?"

சொன்னேன். ஆள் வரவில்லை என்று போட்டதைச் சொன்னேன். ஆள் இருந்தும் வேலை நடக்கவில்லை என்று போட்டதையும் சொன்னேன். சார் முதலாளிக்குப் போன் செய்ததையும், முந்தின ராத்திரி வர்க்கி சாப்பிட்டுக்கொண்டே தெரியாது என்றதையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஆறு மாசமுமா?"

"ஆறு மாசமும்ங்க."

எழுந்து போய் வாடுகிற இலையில் ஒரு பிடி அள்ளிக் கசக்கிப் பார்த்தார். "நானே வந்து சொன்னா, சாக்குச் சொல்றான்னு நெனப்பாங்க" என்றார்.  சொல்ல வேண்டியது நான்தான் என்று அவர் கேட்காமலே தெரிந்தது.

நாலு மணி மீட்டிங்கில் முதலாளி, சார், மூலையில் நான். சார் ஸ்கிரீனில் சிவப்பாக ஒரு தூணைக் காட்டி, இது இரண்டாம் ஷிப்ட் என்றார். முதலாளி தலையாட்டினார். தூணைப் பார்த்தால் யாருக்கும் நம்பத் தோன்றும், நல்ல அகலம். திருப்பூருக்கு பஸ் டிக்கெட் எடுக்கப் பையில் பணம் இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பிறகு எழுந்தேன்.

"சார், எனக்கு இங்கிலீஷ் வராதுங்க. அந்தத் தூண் பூரா என்னுதுங்க."

ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினேன். சார் படித்தார். அடுத்த பக்கம் திருப்பினார். அதற்கடுத்ததும் திருப்பினார். அவர் காதுகள் குளிர் இல்லாமலே சிவந்தன. முதலாளியும் வாங்கிப் பார்த்தார். கொட்டை எழுத்தில், அவர் படிக்க வேண்டும் என்றே எழுதினது. ஆறு மாதமாக ஒரு பக்கத்தைக்கூட அவர் படிக்கவில்லை என்பது அந்த ரூமில் இருந்த மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. 

சார் தொண்டையைக் கனைத்தார். ஆளைக் குறை சொல்லும்போது சூடாக இருந்த குரல் இப்போது ஆறிப்போயிருந்தது. அப்படியானால் மெஷின் நிற்பதற்குக் காரணம் லாரி என்று ஆகிறது, ஒரே லாரி என்பது என்று இழுத்தார். முதலாளி ஜன்னலைப் பார்த்தார். கேரட் சீசன் முடியட்டும், யோசிக்கலாம் என்றார். அளப்பது எவ்வளவு நல்ல விஷயம் என்று திங்கட்கிழமை அரை மணி நேரம் பேசினவர் அவர். அளவுகோல் தன் பக்கம் திரும்பினதும் சீசன் வந்துவிட்டது. கடைசியில், எல்லாவற்றையும் மறுபடி ஏற்றி நாளைக் காலையில் காட்டுங்கள், ஜெசிந்தாவைப் பற்றி அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

வெளியே வந்ததும் சார் என்னை வேலையை விட்டுத் தூக்குவார் என்று நின்றேன். அவர் எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன். முகர்ந்துகொண்டே, "படிச்சிருக்க வேண்டியது நானுந்தான்டா" என்று சொல்லிவிட்டு ரூமுக்குப் போனார்.

அந்தச் சாயங்காலமே உட்கார்ந்தோம். ஜெசிந்தா அக்கா வரிவரியாக வாசித்தார். அவர் தமிழில் சொல்ல நான் தட்டினேன். கொழுந்து லேட். கொழுந்து லேட். கொழுந்து இல்லை. நடுவில் உண்மையிலேயே ஒரு லீவு வந்தது. போன மாதம் அவருடைய பெண்ணுக்குக் காய்ச்சல் என்று அரை நாள் எடுத்தது. அதை விட்டுவிடட்டுமா என்றேன். "எடுத்ததுதானுங்க. போடுங்க" என்றார்.

இலைக்காகக் காத்திருந்த நேரத்தைக் கழித்துவிட்டு, மீதி நேரத்துக்கு எவ்வளவு தூள் என்று பார்த்தோம். லேப்டாப் யோசித்தது. தூண்கள் எழும்பின. இரண்டாம் ஷிப்ட் பச்சை. காலை ஷிப்டை விட ஒரு சாண் உயரம். பக்கத்தில் தேவராஜ் அண்ணனின் தூண் சிவப்புக்கு மாறியது. அவர் ஷிப்டில் பெல்ட் அடிக்கடி அறுந்திருந்தது. அதற்குப் பதிலாக மாட்டினதும் பழைய பெல்ட்தான். அவ்வளவுதான்.

எனக்கு விசில் அடிக்கத் தோன்றியது. ஜெசிந்தா அக்கா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"இத கேட்டுக்குப் பக்கத்துல ஒட்டுவீங்களா?"

ஒட்டுவோம் என்றேன்.

"தேவராஜ் அண்ணன் பசங்க ரெண்டும் ஸ்கூல் போறப்ப அந்த வழியாத்தான் போவாங்க." ஓவர்கோட்டுப் பொத்தானைத் திருகினார். "நம்பர் நம்பராவே இருக்கட்டும், அத மாத்தச் சொல்லலைங்க. அந்தச் செவப்பு வேண்டாம்."

வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி தாளைப் பார்த்தார். ஜெசிந்தாவே இருக்கட்டும் என்று ஒரே வரியில் முடித்தார். தேவராஜ் அண்ணனுக்குப் புது பெல்ட் வாங்கச் சொன்னார். லாரியைப் பற்றி வாயே திறக்கவில்லை. பலகையில் ஒட்டுவதற்காகத் தாளை வாங்கின சார் நெற்றியைச் சுருக்கினார். இரண்டு தூணும் கறுப்பு. ஒன்று உயரம், ஒன்று குட்டை. நம்பர் சரியாக இருந்தது.

கலர் எங்கடா என்றார்.

"கலர் மை தீந்துபோச்சுங்க சார்."

ஜெசிந்தா அக்கா வாசலில் நின்று ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் நேராக பிரிண்டரிடம் போய் மூடியைத் தூக்கினார். குனிந்து பார்த்தார். முந்தாநாள்தான் கோத்தகிரியில் அவரே வாங்கிப் போட்டது. கலர் மை எல்லாம் விளிம்பு வரைக்கும் இருந்தது. வாசலை ஒரு தடவை பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். மூடியை மெதுவாக மூடினார்.

"ஆமா, தீந்துதான் போயிருக்கு" என்றார். "கறுப்புலயே ஒட்டு."